ஹட்டன் டவுனுக்கு மந்தி வந்த கதை

2024 கடைசில ஒரு நாள், தேயிலைத் தோட்டத்துல சம்பளம் போட்ட கையோட அம்மாவ எங்க இலங்கை மலைநாட்டு ஹட்டன் டவுனுக்கு கூட்டிட்டு போனேன். "வாம்மா, இன்னைக்கு மந்தி சாப்பிடுவோம்"னு சொன்னதுதான், பஸ் ஸ்டாண்ட்லயே நின்னுருச்சு. "மந்தியா? ஏன்டா, கொரங்கையெல்லாமா இப்ப கடையில சமைக்கிறானுங்க?" பக்கத்துல நின்ன ரெண்டு பேரு திரும்பி பாத்து சிரிச்சாங்க. எங்க லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுங்களுக்கு) பின்னால போட்ட மரவள்ளிய ஒண்ணு விடாம புடுங்கிட்டு போறது மந்திதான், அதனால அம்மாவுக்கு அந்த சொல்லுக்கு வேற அர்த்தமே கெடையாது.

ஒருவழியா இது அரபு நாட்டு சோறும்மா, ஏமன்காரங்க சாப்பாடுன்னு சொல்லி மேல் மாடிக்கு ஏத்தினேன். ஆறு மேசை, சுவத்துல பிளாஸ்டிக் புல்லு, அதுல ஆங்கிலத்துல நீலக்கலர் லைட் எழுத்து. ரெண்டு பேரு சாப்பிடுற தட்டு 2,600 ரூபா. அந்த வருஷம் செப்டம்பர்லதான் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆகியிருந்துச்சு, அம்மா மெனுவ பாத்துட்டு ஒடனே கணக்கு போட்டுருச்சு: "அப்ப ரெண்டு பேரு திங்க ரெண்டு பேர் போவுது." தோட்டத்துல பேர்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் இது வெளங்கும், ஒரு நாள் வேலைக்கு செக்ரோல்ல விழுற பேரு.

அந்தக் கட தம்பி எங்க பக்கத்து தோட்டத்து பையன்தான். கத்தார்ல நாலு வருஷம் ஹோட்டல் கிச்சன்ல இருந்தவன். அசல் மந்தின்னா மண்ணுல குழி அடுப்பு, கீழ சோறு மேல இறைச்சி, இறைச்சில இருந்து வடியுற நெய்ச்சாறு சோத்துல எறங்கணும், அதான் விசயமே. ஹட்டன்ல மாடியில குழி எங்க தோண்டுறது? அதனால இவன் பெரிய தேக்சாவுல சோத்தையும் கோழியையும் வச்சு, நடுவுல ஒரு சின்ன கிண்ணம், அதுல கனிஞ்ச செரட்டைக் கரித் துண்டு ஒண்ணு, அதுமேல ஒரு கரண்டி நெய்ய ஊத்துனதும் குபீர்னு வர்ற பொகைய வெளிய விடாம டப்புனு மூடிய போட்டு அழுத்துறான், பத்து நிமிசம். கிட்ட போயி பாத்தேன். மூடிய தொறக்குறப்ப வர்ற வாசம் இருக்கே, அப்பிடியே பாட்டி காலத்து வெறகடுப்பு காம்பரா (லயத்து அறை) வாசம். அம்மாவும் மோந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, ஆனா மொகம் கொஞ்சம் எளகுச்சு.

நான் சொல்ல வந்தது இதத்தான். நம்ம டவுனுக்கு புது சாப்பாடு வர்றது இன்ஸ்டாகிராம்ல இருந்துன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, எனக்கு அப்பிடி தெரியல. அது நம்ம பயலுங்க பைக்குள்ள இருந்து வருது. கொழும்புல வெள்ளவத்தையிலயும் புறக்கோட்டையிலயும் எந்த சாப்பாட்டுக் கடைக்கு போனாலும் பராட்டாக் கொத்து அடிக்கிறவன்ட்ட "எந்த ஊரு தம்பி"ன்னு கேட்டுப் பாருங்க, மஸ்கெலியா, பொகவந்தலாவ, பூண்டுலோயான்னு நம்ம மலைப்பக்கத்து ஊருங்களத்தான் பாதிப் பேரு சொல்லுவான். பதினாறு பதினேழு வயசுல கோப்பை கழுவ போனவன் பராட்டா வீசப் பழகி, அப்பறம் கொத்து, அப்பறம் ரைஸ் மேக்கர் (ஃப்ரைட் ரைஸ் போடுறவன்), அங்க இருந்து டுபாய் கத்தார். கொரோனாவுலயும் 2022 பொருளாதார நெருக்கடியிலயும் கட பூட்டுனப்ப கொஞ்ச பேரு ஊருக்கே வந்துட்டாங்க, கையில தொழில் இருக்கு, அண்ணன் தம்பி சீட்டுக் காசு கொஞ்சம் இருக்கு, ஒரு கடையறைய புடிச்சு ஷவர்மா, நாசி கோரெங், மந்தின்னு போர்டு மாட்டிட்டாங்க.

ஆனா 2022 எப்பிடிப்பட்ட வருஷம்னு மறந்துற முடியுமா. 2021 ஒக்டோபருக்கு முன்னாடி 1,493 ரூபா வித்த 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் அடுத்த ஏப்ரல்ல 4,860, அதுவும் கெடைச்சாத்தான். வெறும் சிலிண்டர வரிசையில வச்சு சங்கிலி போட்டு பூட்டி வச்சுட்டு ஆளுங்க வீட்டுக்கு போயிட்டு வந்தத நானே பாத்தேன். அப்ப தாக்குப் புடிச்சது வெறகடுப்ப இடிக்காம வச்சிருந்த பழைய கடைங்கதான். எங்க ஸ்டேசன் பக்கத்து தேத்தண்ணிக் கட மொதலாளி, பேர் வேணாம், அந்த ஒரு வருஷமும் இடியாப்பத்த நிப்பாட்டவே இல்ல.

அந்தக் கடைங்க சிஸ்டமே வேற. நீங்க உக்காந்ததும் ஒண்ணும் கேக்காம ஒரு தட்டு நெறைய ரோல்ஸ், கட்லட், மாலுபாண் (மீன் வச்ச பணிஸ்), கடலை வடை கொண்டாந்து வைப்பாங்க, தின்னது போக மிச்சத்த எண்ணித்தான் காசு. வடைய பார்சல் கேட்டா யாரோ ஒரு புள்ளையோட கணக்குக் கொப்பித் தாள்ல சுத்தித் தருவாரு, ஒருதடவ எனக்கு வந்த தாள்ல பத்துக்கு மூணு, கீழ சிவப்பு மையில "கவனம் போதாது". எண்ணெய் ஊறி மார்க் மட்டும் நல்லா பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு.

கொத்து பத்தி எழுதாம விட்டா அடிப்பாங்க. பொழுது சாய்ஞ்சு மிஸ்ட் எறங்குனதும் கூர தகரத்துல மழ ஒரு பக்கம், கல்லுல அந்த ரெண்டு தகடும் டக்கடக்க டக்கடக்கன்னு ஒரு பக்கம், அந்த குளிருல அந்த சத்தம் கேட்டா பசி இல்லாதவனும் நிப்பான். முந்தி முட்டக் கொத்து, கோழிக் கொத்து, மாட்டுக் கொத்து அவ்வளவுதான். இப்ப சீஸ் கொத்து, டொல்பின் கொத்து (டொல்பின் இல்ல, பயப்படாதீங்க, பராட்டாவ பெருசு பெருசா வெட்டிப் போடுவாங்க). சீஸ் கொத்து எனக்கு ஆகாது. நம்ம லீக்ஸ், கரட், கோழிக் கொழம்புன்னு அத்தன ருசியையும் பாலும் சீஸும் ஊத்தி ஒரே கஞ்சியா ஆக்கிர்றாங்க. தங்கச்சி இதுக்கு சண்டைக்கு வருவா, வரட்டும்.

கோப்பி கடை கதை இன்னும் வேடிக்க. நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் மொதமொத கப்பலேறி வந்தது கோப்பித் தோட்டத்துக்கு, தேயிலைக்கு இல்ல. 1869ல எலையில துரு நோய் வந்து, கொஞ்சம் கொஞ்சமா கோப்பி மொத்தமா படுத்துச்சு, அதுக்கு அப்பறம்தான் மலை முழுக்க தேயிலை. இப்ப பாத்தா தேயிலை ஊருக்கு நடுவுல கண்ணாடிக் கதவு போட்ட கடையில அந்தக் கோப்பியே நொர மேல எலை படம் போட்டு திரும்ப வந்துருக்கு, 750 ரூபா. அங்கயே தேத்தண்ணி கேட்டா வெந்நியில நூல் கட்டுன பொட்டலம் ஒண்ண தொங்க விட்டு தர்றாங்க. அம்மா பறிச்ச கொழுந்து எந்தெந்த நாட்டுக்கோ போயிட்டு பொட்டலமா வந்துருக்குன்னு நெனச்சுக்கிட்டு குடிச்சேன். சாயமே எறங்கல.

இன்னொரு எடத்துல, எதுன்னு சொல்ல மாட்டேன், மெனுவுல 'எஸ்டேட் ரொட்டி வித் கட்ட சம்பல்' 650ன்னு போட்டிருந்தாங்க. ஆசையா எடுத்தேன். ரெண்டு ரொட்டி, உள்ளங்கை அளவு, வாழ எல மாதிரி பிளாஸ்டிக் எல மேல. தோட்டத்து ரொட்டின்னா கோதும மாவ சுடுதண்ணியில பெசஞ்சு தடியா தட்டி, மலைக்கு கட்டிட்டு போனா பத்து மணிக்கும் வயித்துல நிக்கணும். இதுல சம்பல்ல சீனி போட்டிருந்தாங்க! காரமா இருக்க வேண்டிய கட்ட சம்பல்ல! நானே எழுந்து போயி கவுன்டர்ல எடுத்துட்டு வந்ததுக்கு பத்து வீதம் சர்வீஸ் சார்ஜ் வேற. 1973-74 பஞ்சத்துல மா கெடைக்காம கெழங்கும் கீரையுமா தின்னு பொழச்ச கதைய பாட்டி சொல்லிச் சொல்லி வளந்தவன் நான், அந்த பில்ல பாத்தா பாட்டி அந்த ஆள சும்மா விட்டுருக்காது.

சரி, மந்திக்கு வர்றேன். அம்மா மொதல்ல கோழிய மட்டும் பிச்சு தின்னுச்சு, அப்பறம் சோறு, அப்பறம் அந்த தக்காளி சட்னிய வழிச்சு, கடைசில தம்பிய கூப்பிட்டு "ஐயா, பச்ச மொளகா இருந்தா ரெண்டு குடு"ன்னுச்சு. அவன் சிரிச்சுட்டு அவன் சாப்பிட எடுத்து வச்சிருந்த சம்பலையே கொண்டாந்து குடுத்தான். மிச்சத்த பார்சல் கட்டிட்டோம். பஸ்ல வர்றப்ப அம்மாவோட தீர்ப்பு: "நெய்ச்சோத்துல கோழிய வச்சு பொக போட்டுருக்கான், பரவால்ல."

ஆறு மாசம் கழிச்சு அம்மாவே கேட்டுச்சு, "அந்த கொரங்கு சோத்துக் கடைக்கு ஒருக்கா போவமாடா"ன்னு. போனோம். போர்டு இல்ல, அதே சுவரு அதே பிளாஸ்டிக் புல்லு, இப்ப பபிள் டீ கடை. கீழ பாதையோரமா கொத்துக் கல்லுக்கு முன்னால அந்தத் தம்பி நின்னுக்கிட்டு இருந்தான், மாடி வாடகைய கூட்டிட்டாங்களாம். எங்கள பாத்ததும் தகட்ட வச்சுட்டு, "அம்மா, பச்ச மொளகா போட்டு ஒண்ணு அடிக்கவா?"ன்னான்.