இந்து நாகரிகம் சிறப்புக் கலை: என் நான்கு வருடங்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் முதலாம் வருடம் இந்து நாகரிகம், வரலாறு, தமிழ் மூன்றும் எடுத்தேன். பெறுபேறு வந்து, சிறப்புக் கலைக்கு, அதாவது ஒரே பாடத்தில் ஆழமாகச் செய்யும் நான்கு வருடப் பட்டத்துக்கு, எந்தப் பாடத்தைப் போடுவது என்று முடிவெடுக்க வேண்டிய வாரத்தில் வீட்டில் பெரிய வாக்குவாதம். "வரலாறு செய் பிள்ளை. சமயம் படிச்சு என்ன வேலைக்குப் போகப் போறாய்?" என்றார் மாமா. அம்மம்மாவுக்கோ பெரிய சந்தோஷம். சாமி படிப்புத்தானே, குடும்பத்துக்கே புண்ணியம் என்று அயலெல்லாம் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் நினைத்தது இந்தப் படிப்பை இல்லை. அதைச் சொல்லி விளங்கவைக்க அன்று எனக்கும் தெரியவில்லை.

இந்தப் பாடத்தின் மேல் எனக்குப் பிடிப்பு வந்தது முதலாம் வருடத்தில், ஒரு முத்திரையால். சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவில் கிடைத்த முத்திரை, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏ.எல் (உயர்தர) சோதினையில் "இது சிவபெருமானின் பசுபதி வடிவம்" என்று எழுதி நல்ல புள்ளி எடுத்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். விரிவுரையாளர் அதன் படத்தைத் திரையில் போட்டு, இதில் என்ன தெரிகிறது என்று கேட்டார். "பசுபதி சேர்" என்றோம். "அது பெயர். கண்ணுக்கு என்ன தெரியுது?" என்று திருப்பிக் கேட்டார். அப்போதுதான் உண்மையாகப் பார்த்தோம். கால்களை மடக்கி இருக்கும் ஒரு உருவம். தலையில் கொம்பு. சுற்றிவர யானை, புலி, காண்டாமிருகம், எருமை. ஆசனத்துக்குக் கீழே மான். மேலே, இன்றுவரை எவராலும் உறுதியாக வாசிக்க முடியாத எழுத்து. இதைச் சிவனின் ஆதி வடிவம் என்று சொன்னவர் தொல்லியலாளர் ஜோன் மார்ஷல், 1931இல் வந்த அகழாய்வு நூலில். பிறகு வந்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. அவர் மூன்று முகம் என்று கண்டது உண்மையில் மூன்றுதானா என்பதிலேயே பிரச்சினை இருக்கிறது. எருமைத் தெய்வம் என்பாரும் உண்டு.

அன்று பின்னேரம் பஸ்சில் போகும்போது மனம் கனத்துப் போயிருந்தது. என் கையில் இருந்த ஒன்றைப் பறித்துவிட்டார்கள் போல. இரண்டு நாள் கழித்து அந்தக் கனம் போய் ஆசை வந்தது. பள்ளிக்கூடத்தில் சைவநெறிப் புத்தகம் எதை நம்ப வேண்டும் என்று சொல்லித் தந்தது. இங்கே யார், எப்போது, எதை வைத்து அப்படிச் சொன்னார் என்று கேட்கப் பழக்குகிறார்கள். இரண்டும் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. சிறப்புக் கலைக்கு இந்து நாகரிகம் என்றே எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாம் வருடம் கஷ்டமான வருடம், முக்கியமாகச் சமஸ்கிருதத்தால். "ராமஃ, ராமௌ, ராமாஃ" என்று எட்டு வேற்றுமை, மூன்று எண், இருபத்துநான்கு வடிவங்களையும் குசினிச் சுவரில் ஒட்டிவைத்துப் பாடமாக்கினேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே நான் பிழைவிடும் இடத்தைப் பிடிக்கும் அளவுக்கு அவருக்கும் பாடமாகிவிட்டது. இந்தப் பாடத்தை எடுக்க நினைக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்வது இதுதான்: கம்பஸ் தொடங்க முன்பிருக்கும் லீவில் தேவநாகரி எழுத்தைப் பழகிவிடுங்கள். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

சைவ சித்தாந்தம் எனக்கு அப்படிப் பயம் தரவில்லை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். முதல் சூத்திரம் "அவன் அவள் அது" என்று நாங்கள் வாயில் வைத்திருக்கும் சொல்லிலேயே தொடங்குகிறது. ஆனால் என்னை அசரவைத்தது அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியார், அதிலும் மற்றத் தரப்பாரின் கொள்கைகளை மறுக்கும் பரபக்கம் என்ற பகுதி. உலகாயதர், பௌத்தர், சமணர் என்று பதினான்கு தரப்பாரை எடுத்து, முதலில் அவர்கள் சொல்வதை அவர்கள் வாயாலேயே சொல்லவைக்கிறார். மறுப்பு அதற்குப் பிறகுதான். எதிராளியின் கட்சியை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன் மறுக்க வரக்கூடாது என்ற அந்த ஒழுக்கத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழில் கண்டபோது மெய்சிலிர்த்தது. வளாகத்துக்குள் இருக்கும் பரமேஸ்வரன் கோயிலடியில் நாலைந்து பேராக இருந்து அதை வாசிப்போம். பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடம் அது. 1974இல் பல்கலைக்கழக வளாகமானது. வெள்ளிக்கிழமை பூசை மணி கேட்டால் கொப்பியை மூடிவிட்டு எழும்பிப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து மறுபடி தொடங்குவோம். படித்தால் நம்பிக்கை போய்விடுமா என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். எனக்குப் போகவில்லை.

சரி, ஆய்வுக்கட்டுரைக்கு வருகிறேன். என் நான்கு வருடத்தின் சாரம் அதில்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் வைரவர் கோயிலைத் தலைப்பாக எடுத்தேன். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அது வேப்பமரத்தடியில் ஒரு கொட்டில், உள்ளே ஒரு சூலம். இன்று விமானம் வைத்துக் கட்டிய கோயில், கருங்கல் விக்கிரகம், ஆறுகாலப் பூசை. இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதே கேள்வி. துறையில் எங்கள் கிராமத்துக் கோயில்களைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். கண்ணகை அம்மன் கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. ஆகமத்துக்குள் வராத வழிபாடுகளையும் வேள்வி என்று நாங்கள் சொல்லும் மிருகபலியையும் ஆறுமுக நாவலர் கடுமையாகக் கண்டித்தார், அந்தக் குரலுக்கு இதில் பெரிய பங்குண்டு. 1848இல் வண்ணார்பண்ணையில் அவர் பள்ளிக்கூடம் தொடங்கியிருக்காவிட்டால் என் போன்றவர்கள் சைவத்தைத் தமிழில் பாடமாகப் படித்திருப்போமா தெரியாது. அந்த நன்றியோடுதான் சொல்கிறேன்: அவர் தள்ளிவைத்ததிலும் எங்கள் வரலாறு இருந்தது.

துறையின் கடிதத்தைக் கொண்டு நிர்வாகசபையிடம் போனேன். பழைய வரவுசெலவுக் கொப்பிகளைக் காட்டினார்கள். "முந்தி யார் பூசை செய்தது?" என்று கேட்டதும் முகம் மாறியது. அது தேவையில்லாத கதை என்று ஒருவர் எழும்பிப் போய்விட்டார். இரண்டு கிழமை திரிந்து, ஒழுங்கையின் கடைசியில் ஒரு ஐயாவைப் பிடித்தேன். எழுபத்தெட்டு வயது. அவருடைய தகப்பன்தான் அந்தக் கொட்டிலில் பூசை செய்தவர், பிறகு இவர்.

முதல் நாள் ஃபோனை வெளியே எடுத்ததும் பேச்சு நின்றுவிட்டது. அதை உள்ளே வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தேன். மூன்றாம் தரம் போனபோது தேத்தண்ணி குடித்து முடித்து, எதுவும் சொல்லாமல் உள்ளே போனார். பழைய வேட்டித் துண்டில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மடியில் வைத்து அவிழ்த்தார். அந்தச் சூலம். முழங்கை நீளம் இருக்கும். மூன்று முனையில் நடுமுனை கொஞ்சம் வளைந்திருந்தது. அடியில் எண்ணெய் கறுத்துத் திரண்டிருந்தது, நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல வரும். "விக்கிரகம் வந்த அண்டைக்கு இதைக் கிணத்துக்க போடச் சொன்னவை. எனக்கு மனம் வரேல்லை பிள்ளை" என்றார். தினமும் ஒரு பூ வைக்கிறார். மந்திரம் தெரியாது, தகப்பன் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. குடமுழுக்கு நடந்த பிறகு அவர் வெளிவீதியில் நின்றுதான் கும்பிடுகிறார். யாரும் தடுக்கவில்லை என்றும் சொன்னார். "உள்ளுக்குப் போனா எங்க நிக்கிறதெண்டு தெரியேல்லை" என்றார்.

சாதியைச் சொல்லிக் கோயிலுக்குள் விடப்படாதவர்கள் 1968இல் மாவிட்டபுரத்தில் நடத்திய ஆலயப் பிரவேசப் போராட்டத்தை வகுப்பில் படித்திருந்தேன். அந்த வருடம் இளந்தாரியாக இருந்த ஒருவரின் முன்னால் இருக்கிறேன் என்பது அந்தத் திண்ணையில்தான் உறைத்தது. கோயில் வளர்ந்தது என்று நான் எழுதத் தொடங்கியிருந்த முதல் அத்தியாயத்தை வீட்டுக்கு வந்து முழுதாக அழித்துவிட்டு எழுதினேன்.

மந்திரமில்லாத பூசை குறைந்த பூசையா என்று வாய்மொழிப் பரீட்சையில் கேட்டார்கள். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியைச் சொன்னேன். அங்கே பூசகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகத்தான் பூசை செய்கிறார், கதிர்காமத்திலும் அப்படித்தான். அதைக் குறை என்று ஒருவரும் சொல்வதில்லை. பரீட்சகர் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

பட்டம் முடிந்து ஆசிரிய நியமனத்துக்குக் காத்திருக்கிறேன். மாமா பயந்தது முழுப் பொய்யில்லை, காத்திருப்பு நீளம்தான். அதுவரை ஒரு தனியார் வகுப்பில் ஏ.எல் பிள்ளைகளுக்கு இந்து நாகரிகம் படிப்பிக்கிறேன். போன கிழமை அந்த முத்திரை வந்தது. பெயரைச் சொல்லாமல் படத்தை மட்டும் கொடுத்து, தெரிவதை எழுதச் சொன்னேன். மார்ஷல் சொன்னதையும் பிறகு வந்தவர்கள் சொன்னதையும் விளங்கப்படுத்தி முடிக்க, பின்வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, "அப்ப சோதினைக்கு எதை எழுதுறது ரீச்சர்?" என்று கேட்டாள்.

"இரண்டையும் எழுதுங்கோ. ஆர் சொன்னதெண்டும் சேர்த்து எழுதுங்கோ" என்றேன்.