ஐந்தாம் பாகம் முடிந்த பிறகு

"அவ்வளவுதானாம்மா?"

இன்று மாலை உட்லண்ட்ஸ் நூலகத்தில், ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவி தன் அம்மாவிடம் கேட்டது. கையில் 'பொன்னியின் செல்வன்' ஐந்தாம் பாகம். குரலில் நிஜமான கோபம்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் கடைசிப் பக்கத்தை இன்னொரு முறை திறந்து பார்த்தாள். அதற்குப் பின்னும் ஏதாவது இருக்கும் என்பதுபோல.

அந்தக் கோபத்துக்கு வயது அதிகம். 1950 முதல் 1954 வரை இந்த நாவல் தொடராக வந்தபோது வாராவாரம் காத்திருந்து படித்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். அப்புறம் கதையில் வந்தவர்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று. கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நீண்ட தொடரில், ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவே வாசகரும் ஒரு கதை எழுதுகிறார். மனதுக்குள்.

யார் யாரை மணக்க வேண்டும், யார் தண்டனை பெற வேண்டும், எல்லாம் அங்கே முடிவாகிவிடுகிறது. எழுத்தாளரின் முடிவு வந்து அதோடு மோதுகிறது. அவசரமாக, அரைகுறையாக முடிக்கப்பட்ட தொடர்களும் உண்டு, சரி. ஆனால் பல நேரம் நாம் துக்கப்படுவது, அச்சேறாத நம்முடைய அந்தக் கதைக்காகத்தான்.

இந்த நாவலில் வரும் மணிமேகலை விஷயத்தில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அவளுக்கு நான் வேறொரு வாழ்க்கை யோசித்து வைத்திருந்தேன்.