என்ன நிக்குது வயல்ல

செப்டம்பர் 22

தொளி உழவு. டிராக்டரின் கேஜ் வீல் புரட்டிப்போடும் சேற்றுக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் ஓடுகின்றன. சக்கரத்துக்கும் அவற்றுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. டிரைவர் பையனுக்கு அது பழகிவிட்டது, எனக்குத்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் பதறியது. சாயங்காலம் அப்பா கேட்டது உழவைப் பற்றி அல்ல.

"என்ன நிக்குது வயல்ல?"

"உண்ணிக்கொக்கு."

"எவ்வளவு?"

"நிறைய."

"அப்ப சேறு சரியா இருக்கு. பரம்படிச்சுடலாம் தம்பி."

செப்டம்பர் 24

செவ்வாய். அப்பாவுக்கு டயாலிசிஸ், நாள் முழுக்கத் திருவாரூர். வியாழன், சனியும் இதேதான்.

செப்டம்பர் 27

நடவு முடிந்தது. சாவித்திரி நெல். குறைந்த நாள் ரகமாகப் போடச் சொல்லி ஊரே சொன்னது, அப்பா கேட்கவில்லை. 155 நாள் பயிர். விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

அக்டோபர் 1

அப்பாவுக்குத் தண்ணீர் ஒரு நாளைக்கு அரை லிட்டர். மாத்திரைக்கு, காபிக்கு, ரசத்துக்கு எல்லாம் அதற்குள்தான். எவர்சில்வர் டம்ளரில் ஆணியால் கோடு கீறி வைத்திருக்கிறேன். அப்பா கோட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

அக்டோபர் 6

நத்தைகுத்தி நாரை வந்துவிட்டது! கருப்பும் அழுக்கு வெள்ளையுமாக ஒரு கூட்டம் மேலக்கட்டளை வயலில் இறங்கி நின்றது. நாற்றை மிதித்துவிடும் என்று பக்கத்து வயல்காரர் தகரம் தட்டினார். மிதிக்கத்தான் செய்யும், இல்லையென்று சொல்லவில்லை. சாய்ந்த நாற்றை நாளைக்கு ஊன்றிக்கொள்ளலாம்.

வரப்பில் உட்கார்ந்து ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்தால் தலை பாதி தண்ணீருக்குள். கண்ணுக்கு வேலையில்லை, சேற்றுக்குள் அலகாலேயே துழாவுகிறது. நத்தை கிடைத்ததும் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழலகின் நுனியை மூடிக்குள் நுழைக்கிறது. ஒரு வெட்டு, ஒரு உதறல், சதை தனியாக வந்துவிடுகிறது. அது நகர்ந்தபிறகு போய் எடுத்துப் பார்த்தேன். ஓட்டில் ஒரு கீறல் இல்லை, உள்ளே கொஞ்சம் சேற்றுத் தண்ணீர்தான் இருந்தது. அலகு நடுவில் மூடாமல் இருக்குமே, அந்த இடைவெளி குஞ்சுக்குக் கிடையாதாம், வளர வளரத்தான் விழும்.

ஓட்டை அப்பாவிடம் கொடுத்தேன். வடுவூர் ஏரியிலிருந்து வந்திருக்கும் என்றேன். "இல்ல, உதயமார்த்தாண்டபுரம் சரணாலயத்து ஆளுங்க" என்றார். எப்படித் தெரியும் என்றால், வந்த திசையைச் சொல்கிறார். எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தாரோ.

அக்டோபர் 19

சனி. திரும்பும்போது கடைத்தெரு முனையில் ஒருவன் மடையான் கொக்குகளைக் காலைக் கட்டித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உயிரோடுதான். பிடிக்கக் கூடாதென்று 1972-லிருந்து சட்டம் இருக்கிறது. வாங்க ஆளும் இருக்கிறது. பின்சீட்டுக்காரர் "இளைப்புக்கு நல்ல கறி" என்றார். கழுத்தை நீட்டி ஒன்று பஸ்ஸையே பார்த்தது. அப்பா கண்ணை மூடியிருந்தார். தூக்கமா என்று கேட்கவில்லை.

அக்டோபர் 25

மின்கம்பி முழுக்கத் தகைவிலான் குருவி.

நவம்பர் 8

பயிர் தூர் கட்டி மூடிவிட்டது. இனிமேல் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, கேட்பதுதான். கானாங்கோழி இருட்டும் நேரத்தில் ஆரம்பித்து விடாமல் கத்துகிறது. அப்பா கொஞ்ச நாளாக எதுவும் கேட்பதில்லை.

நவம்பர் 14

வடக்கே நாலு வயல் தள்ளி வரப்போரம் ரெண்டு கொக்கு, ஒரு கானாங்கோழி. காலை நீட்டிக் கிடந்தன, மேலே காயம் எதுவும் இல்லை. பூச்சிக்குப் போட்ட குருணை மருந்து என்கிறார் ஒருவர், எலிக்கு வைத்தது என்கிறார் இன்னொருவர். குருணையாகத்தான் இருக்கும். பறவைக்கு அது தானியம் மாதிரிதானே தெரியும்? அந்த வயல் தண்ணீர் எந்த வாய்க்காலில் வடிகிறது என்று டார்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நம் பக்கம் வரவில்லை. ஆனால் நத்தைகுத்திக்கு நம் பக்கம், அவர் பக்கம் ஏது? அதைக் கண்ணில் கண்டே ரொம்ப நாளாகிறது. பயிர் உயர்ந்துவிட்டது, இவ்வளவு உயரத்தில் அது இறங்காது, திறந்த தண்ணீராகப் பார்த்துப் போயிருக்கும். எல்லாம் சரிதான். ஆனாலும் நடுராத்திரி எழுந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கென்று பார்த்து அப்பா கேட்டார், என்ன நிக்குது என்று.

"நத்தைகுத்தி."

"இந்தப் பயிர்லயா?"

அதற்குமேல் அவரும் பேசவில்லை.

நவம்பர் 27

மழை. மழை. வரப்பு தெரியவில்லை. வடிகால் எதிர்த்துக்கொண்டு வருகிறது. நாளை வியாழன், பஸ் ஓடுமா?

நவம்பர் 28

ஓடவில்லை. டாடா ஏஸில் போனோம்.

டிசம்பர் 12

தண்ணீர் வடிந்து பயிர் நிமிர்ந்துவிட்டது, கீழ்மூலை மட்டும் போச்சு. பொதி தள்ளும் நேரம் பார்த்து எலி வெட்டுகிறது. கிட்டி வைக்கிறவர் வந்து வால் கணக்குச் சொல்லிக் காசு வாங்கிப் போனார். பறவை உட்கார நான் நட்ட குறுக்குக்கட்டைக் கழிகளில் பகலில் கரிச்சான், ராத்திரி கூகை. ஒரு கழியடியில் கூகை கக்கிய உருண்டை, என் கட்டைவிரல் நீளம். ஊறவைத்துப் பிரித்தால் சாம்பல் மயிர், ஊசி ஊசியாக எலும்பு, ஒரு முழு மண்டையோடு, ஆரஞ்சு நிறத்தில் முன்பற்கள். கிட்டிக்காரர் பார்த்தால் இதற்கும் காசு கேட்பார். அப்பாவிடம் சொன்னேன், ரொம்ப நாள் கழித்துச் சத்தமாகச் சிரித்தார்.

ஜனவரி 4

பால் பிடிக்கிறது. சில்லையும் தூக்கணாங்குருவியும் கூட்டமாக விழுகின்றன. கதிரைப் பிதுக்கினால் விரலில் வெள்ளையாக ஒட்டுகிறது. மினுக்கு நாடா கட்டினோம். முதல் நாள் பயந்தன, அப்புறம் நாடாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்கின்றன.

ஜனவரி 11

அப்பாவுக்கு எடை ஏறியிருக்கிறது. தண்ணீர் எடை. யார் கொடுத்தது என்று கேட்டேன், யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஜனவரி 29

வாத்துக்காரர் வந்தார், அறுத்ததும் மேய விடலாமா என்று. உளுந்து தெளித்தாகிவிட்டது, விட முடியாது என்றேன். அரை மணி நேரம் கெஞ்சிவிட்டுப் போனார், பாவமாகத்தான் இருந்தது.

அறுப்புக்கு பெல்ட் மிஷின் சனிக்கிழமைதான் கிடைக்குமாம். சனிக்கிழமை என்றால் திருவாரூருக்கு யார் போவது, வயலில் யார் நிற்பது? அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.