‘சீவாளி’: 32 பக்கங்களில் ஓர் இசையிதழ்

காட்சித் தொடர்பியல் இறுதியாண்டில், ஓர் இதழை உள்ளடக்கம் முதல் அச்சு வரை மாணவர்களே தயாரித்து ஒப்படைக்க வேண்டும் என்பது எங்கள் துறையின் வழக்கம். நால்வர் கொண்ட எங்கள் குழு இசையிதழ் என்று முடிவு செய்தபோது, அட்டை நிறைய ஒரு பாடகரின் முகம் இருக்க வேண்டும் என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றியது. ஆனால் மார்கழியில் சென்னைச் சபாக்களில் பாடுவோரைப் பற்றி நாளிதழ்களே நாள்தோறும் எழுதுகின்றன. கருவியைச் செய்து கொடுப்பவர்களைப் பற்றி எழுதுவோர் குறைவு. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் குழுவில் ஒருவர் நினைவூட்டியதும் அதுவே எங்கள் பொருள் என்று முடிவானது. ஊதும் முனையில் செருகும் நாணல் துண்டான சீவாளி இல்லாமல் நாகசுரம் ஒலிக்காது என்பதால் இதழுக்கு அந்தப் பெயரையே வைத்தோம்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையில் உள்ள அந்த ஊரில் இரண்டு நாள் தங்கினோம். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத் தூண்களும் உத்திரங்களும் பட்டறையில் அடுக்கியிருந்தன. பல்லாண்டுகள் காய்ந்து இறுகிய மரம்தான் துளையிடும்போது வெடிக்காது என்று ஆசாரி விளக்கினார். மரத்தைக் கடைவதையும் நீளவாக்கில் துளையிடுவதையும் ஏறத்தாழ நானூறு படங்களாக எடுத்தோம். அவற்றுள் இதழில் இடம்பெற்றவை 41 மட்டுமே. மற்றவற்றை ஒதுக்கியபோது மனம் கனத்தது உண்மை. ஆனாலும் கை, கருவி, மரம் ஆகிய மூன்றில் ஒன்றேனும் தெளிவாகத் தெரியாத படத்துக்கு இடமில்லை என்ற விதியை நாங்கள் தளர்த்தவில்லை.

எழுதத் தொடங்கியதும் வந்த முதல் சிக்கல் சொல்லைப் பற்றியது. நாதஸ்வரம், நாகஸ்வரம், நாகசுரம் என மூன்றும் வழக்கில் இருப்பதால், கட்டுரைக்குக் கட்டுரை எழுத்து மாறிக்கொண்டே போனது. புவிசார் குறியீட்டின் பெயரையும் பேட்டிகளில் பிறர் சொன்ன சொற்களையும் மாற்றாமல், நாங்கள் எழுதும் இடங்களில் எல்லாம் நாகசுரம் என்றே வைத்துக்கொண்டோம். இப்படிப்பட்ட முடிவுகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிய பிறகுதான் பிழைதிருத்தம் எளிதானது.

வடிவமைப்பில் எங்களுக்கு மிகுந்த பாடம் கற்பித்தது தமிழ் எழுத்துதான். ஆங்கில இதழ்களுக்கான ஒரு மாதிரிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, மூன்று பத்தி, 9 புள்ளி (பாயிண்ட்) எழுத்து, 11 புள்ளி வரி இடைவெளி என்று நிரப்பினோம். மேல் வரியின் ‘கூ’வும் ‘ழு’வும் கீழ் வரியின் ‘கீ’, ‘டி’ ஆகியவற்றின் மேல் வளைவுகளோடு மோதின. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இரு ஓரமும் சமப்படுத்தியதும் ஒரு வரிக்கு இரண்டே சொற்களும் நடுவில் பெரும் வெற்றிடமும் வந்தன. எனவே அந்த மாதிரியை முழுவதுமாகக் கைவிட்டோம். இரண்டு பத்தி, இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு, 10.5 புள்ளி எழுத்து, 15 புள்ளி இடைவெளி என்று மாற்றிய பிறகு பக்கம் மூச்சுவிட்டது. மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காமல் விட்டிருந்ததால் ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறி நின்றதைச் சரிசெய்யவும் ஒரு மாலை முழுவதும் தேவைப்பட்டது.

இதழின் இதயம் என்று நான் கருதுவது நடுப்பக்கம். நாகசுரத்தின் நீண்ட வகையான பாரி நாகசுரம் இரண்டரை அடிக்கு மேல் நீளமுள்ளது. அதைச் சிறு படமாகப் போட எங்களுக்கு மனமில்லை. முதலில் 8, 9ஆம் பக்கங்களில் வைத்தோம். மாதிரி அச்சில் அந்த இரு பக்கங்களும் வெவ்வேறு தாள்களில் அமைந்திருந்ததால், மடிப்பில் கருவி முறிந்ததுபோல் தெரிந்தது. தாள்களை ஒன்றனுள் ஒன்றாக வைத்து முதுகில் பின் அடிக்கும் இதழில், இரு பக்கங்கள் ஒரே தாளாகத் திறப்பது நடுவில் மட்டுமே. அட்டையோடு சேர்த்து 32 பக்கம் என்பதால் எங்களுக்கு அது 16, 17ஆம் பக்கங்கள். அங்கே மாற்றிக் குறுக்குச் சாய்வாக வைத்தபோது, மேல் பின் கருவியின் மரக்குழலான உலவின் மீதே குத்தியது. இறுதியில் இரு பின்களுக்கும் இடையே கிடைமட்டமாகக் கிடத்தினோம். எந்தத் துளையும் மடிப்பில் மறையாதபடி படத்தைச் சற்றே வலப்புறம் நகர்த்தவும் வேண்டியிருந்தது. இந்த ஒரு படத்துக்காக மற்ற கட்டுரைகளின் வரிசையையே மாற்றியமைத்தோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்தப் படத்தின் கீழே “விரல் வைக்கும் 12 துளைகள்” என்று எழுதியிருந்தோம். அச்சுக்கு முந்தைய நாள் ஆசாரிக்குப் படத்தை அனுப்பியபோது அவர் உடனே திருத்தினார்: விரலுக்கு உரியவை ஏழு, கீழே உள்ள ஐந்து துளைகள் சுருதியைச் சரிப்படுத்த, மெழுகால் அடைக்கவும் திறக்கவும் உரியவை. அவரிடம் காட்டாமல் அச்சேற்றியிருந்தால், கருவியைப் பற்றிய இதழில் கருவியே பிழையாகியிருக்கும்.

ஐம்பது பிரதிகளுக்கு ஆஃப்செட்டில் தட்டுகள் போடுவது கட்டுப்படியாகாது என்பதால், திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் டிஜிட்டல் முறையில் அச்சிட்டோம். பளபளப்பான ஆர்ட் தாளைத் தவிர்த்து பளபளப்புப் பூச்சில்லாத 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) மேப்லித்தோ தாளை எடுத்தோம். அது மையை உறிஞ்சுவதால் ஆச்சா மரத்தின் அடர்ந்த பழுப்பு கறுப்பில் அமிழ்ந்துவிட்டது. திரையில் சற்று வெளிறித் தெரியும் அளவுக்கு நிழல் பகுதிகளை ஒளிரச் செய்த பிறகே மர இழைகள் தாளில் தெரிந்தன. அட்டையிலும் ஒரு தவறு நேர்ந்தது. ‘சீவாளி’ என்ற தலைப்பில் ‘சீ’யின் மேல்சுழி வெட்டுக்கோட்டுக்கு மிக அருகில் இருந்ததால் முதல் மூன்று பிரதிகளில் அது நறுக்கப்பட்டுப் போனது. தலைப்பை 6 மில்லிமீட்டர் கீழிறக்கி அட்டையை மட்டும் மீண்டும் அச்சிட்டோம்.

இரண்டு பிரதிகளைப் பட்டறைக்கு அஞ்சலில் அனுப்பினோம். நான்கு நாள் கழித்து ஆசாரி தொலைபேசியில் அழைத்தார். நடுப்பக்கத்தைக் கிழியாமல் பிரித்தெடுக்க முடியுமா என்று கேட்டார். பின்னை மெல்ல நிமிர்த்தினால் வந்துவிடும் என்று சொன்னேன். பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொள்வதாகவும், கருவியின் அடியில் விரியும் பகுதியான அணசின் படம் இன்னும் சற்றுப் பெரிதாக வந்திருக்கலாம் என்றும் கூறினார்.