அரை வாளித் தண்ணீர்

சேர்வராயன் மலையடிவாரத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். சத்துமாவு கொடுக்க, எடை பார்க்க என்று வீடு வீடாகப் போகும்போது குழந்தையைத் தேடுவதற்கு முன்னால் என் கண் போவது வாசலில் இருக்கும் தண்ணீர்ப் பாத்திரங்கள் மேல்தான். எங்கள் பக்கம் குழாயில் தினமும் தண்ணீர் வராது, அதனால் வருகிற அன்றைக்கு டிரம், அண்டா, பக்கெட், காலி பெயின்ட் டப்பா என்று அகப்பட்டதில் எல்லாம் பிடித்து வைப்பார்கள், அது போக மாட்டுக்கு ஒரு சிமெண்ட் தொட்டி, புது வீடாக இருந்தால் தரைக்கடியில் ஒரு சம்ப். பாதிக்கு மேல் மூடியே இருக்காது.

கிணறு என்றால் எல்லோருக்கும் பயம் உண்டு. ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் போனால் பிள்ளையின் கையை யாரும் விடுவதில்லை. அரை வாளித் தண்ணீரைத்தான் யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. எடுத்துச் சொன்னபோது ஒரு பாட்டி கேட்டார்: "ஏனுங்க டீச்சர், முழங்கால் தண்ணிகூட இல்லீங்களே, இதுல என்ன ஆயிரப் போவுது?"

அவர் பேரன் அப்போதுதான் நடை பழகியிருந்தான். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கெட்டில் மிதந்த டம்ளரை எடுக்க எட்டினான். விளிம்பு அவன் நெஞ்சில் அழுந்தியது, இரண்டு குதிகாலும் தரையை விட்டு எழும்பிவிட்டன. பிடித்துத் தூக்கிவிட்டு, அந்தக் காலைத்தான் பாட்டிக்குக் காட்டினேன். இந்த வயதில் உடம்பைப் பார்க்கத் தலை கனம் அதிகம். தலைகுப்புற விழுந்தால் கையை ஊன்றி எழுந்திருக்கத் தெம்பு கிடையாது. மூக்கும் வாயும் முங்குகிற அளவு, சில அங்குலத் தண்ணீர் போதும். கத்தவும் முடியாது, அதனால் அடுத்த அறையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

எங்கள் ஊர்க் குழந்தைகள் காலில் கொலுசு இல்லாமல் இருக்காது, சத்தம் நின்றால் எழுந்து போய்ப் பார்ப்பேன் என்பார்கள் அம்மாக்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் மிக்சி ஓடும்போது அந்தச் சத்தம் எங்கே கேட்கும்? மூச்சு நின்று நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்க ஆரம்பித்துவிடும். அதனால் பக்கெட்டைக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள், டிரம்முக்கு மூடி போட்டு மேலே கனமாக எதையாவது வையுங்கள் என்கிறேன். டெங்குவுக்கும் இதைத்தானே சொல்கிறோம், ஒரே மூடி இரண்டுக்கும் ஆகும்.

விசேஷ வீடுகள்தான் எனக்கு இன்னும் பயம். வீடு நிறைய ஆள் இருப்பார்கள், ஆளாளுக்கு இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார் என்று இருந்துவிடுவார்கள். பெரியவர் ஒருவர் பெயரைச் சொல்லி, "இப்ப நீங்கதான் பாத்துக்கணும்" என்று ஒப்படைத்துவிட்டு நகருங்கள். எட்டு வயது அக்காவிடம் விட்டுப் போவது வேண்டாம். ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவைத் திட்டுகிறார்களே, அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அடுப்பு, துணி, மாடு என்று எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிட்டு, பிள்ளையையும் அவள் ஒருத்தியே எப்படிப் பார்ப்பாள்?

அப்புறம், தண்ணீரில் விழுந்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும், நேரமும் வீணாகும். மூச்சு இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்துக் காற்றை ஊதி, நடு நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும்.

ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக தினமாக 2021-இல் ஐ.நா. அறிவித்தது. ஆடிப்பெருக்குக்கு எட்டு, ஒன்பது நாள் முன்னால் வருகிறது. அந்த வாரத்தில் தாய்மார் கூட்டம் போட்டு, பொம்மையை வைத்து நெஞ்சை அழுத்துவதைச் செய்து காட்டச் சொல்லி, ஆம்புலன்சில் வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். இந்த முறை அப்பாக்களும் கட்டாயம் வர வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.