இட்லி மூழ்கணும்

1997ல் விருதுநகரிலிருந்து வேலை தேடி வந்தபோது எனக்கு வாய்த்தது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். ஓர் அறை, மூன்று கட்டில், சட்டை மாட்ட மூன்று ஆணி. ஆறரை மணிக்கெல்லாம் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். அதற்குள் குளித்தாக வேண்டும், குளித்தால் பசிக்கும். அறையில் மூத்தவரான தஞ்சாவூர் அண்ணன் முதல் நாளே என்னை ரத்னா கபேக்குக் கூட்டிப்போனார்.

தட்டில் இரண்டு இட்லி. பரிமாறுகிறவர் சாம்பார் ஜக்கோடு வந்து ஊற்ற ஆரம்பித்தார். "போதுங்க" என்றேன். நிறுத்தவே இல்லை. எங்கள் ஊரில் சாம்பார் இட்லியின் ஓரத்தை நனைக்கும், அவ்வளவுதான். இங்கே இட்லி இருக்கும் இடமே தெரியவில்லை. (எண்ணெய் புரோட்டா தின்று வளர்ந்தவனுக்கு இட்லியே நோயாளிச் சாப்பாடு, அது வேறு விஷயம்.) அண்ணன் சிரித்தார்: "தம்பி, இங்க சாம்பார்தான் டிபன். இட்லி தொட்டுக்க."

மாதக் கடைசியில் அவர் சொன்னதன் அருமை புரிந்தது. இரண்டு இட்லிக்கு மூன்று, நான்கு தடவை சாம்பார் வாங்குவேன். யாரும் முகம் சுளித்ததில்லை. பதினொன்றரை வரை தாங்கும்.

கையில் கொஞ்சம் காசு புரண்டால் சேப்பாக்கம் பக்கம் நாயர் மெஸ். 1961லிருந்து இருக்கிற கடை. மீன் குழம்பும் வஞ்சிரம் வறுவலும்தான் நினைவில் நிற்கின்றன. சம்பள நாளில் மவுண்ட் ரோடு புகாரிக்கு நடையாகவே போவோம். சிக்கன் 65 அங்கேதான் 1965ல் பிறந்தது என்று அண்ணன் ஒவ்வொரு தடவையும், ஏதோ தானே கூட இருந்து வறுத்ததுபோலச் சொல்வார்.

ரத்னா கபேயை 1948ல் தொடங்கிய ஜகதீஷ் குப்தா மதுராக்காரர் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. மதுரை இல்லை, வடக்கே இருக்கிற மதுரா! அங்கிருந்து வந்தவர் மெட்ராஸ்காரனுக்கே சாம்பார் ஊற்றிப் பேர் வாங்கியிருக்கிறார். அன்று ராத்திரியே அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "என் சாம்பாரைக் குறை சொல்ல அவ்வளவு தூரம் போயிட்டியா?" என்றாள்.

போன மாதம் மகளைக் கூட்டிப்போனேன். பள்ளிக்கரணையில் வளர்கிற பிள்ளை. உட்கார்ந்ததும், "அங்கிள், சாம்பார் தனியா ஒரு கிண்ணத்துல குடுங்க" என்றாள்.

"தனியாவா?" அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிள்ளையை என்ன லட்சணத்தில் வளர்த்திருக்கிறாய் என்பதுபோல. ஆனாலும் கிண்ணம் வந்தது. இன்னொரு கையில் ஜக்கும் வந்தது.

கிண்ணத்தில் நான் சட்னி வாங்கிக்கொண்டேன்.