ஷீட்ஸ் சொன்ன விடையும் புத்தகத்தின் விடையும்

தண்டையார்பேட்டைப் பக்கம் சில கணக்கு ஆசிரியர்களுக்குப் புள்ளியியலில் உதவ முடியுமா என்று நண்பர் கேட்டதால், சனிக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். சூத்திரங்கள் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வந்த விடை என்ன சொல்கிறது என்று கேட்டால்தான் தயக்கம்.

இணையத்தில் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். அதனால் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, எல்லோர் போனிலும் கூகுள் ஷீட்ஸைத் திறக்கச் சொன்னேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு வர எத்தனை நிமிடம்? ஏழு பேர் போட்டது: 10, 12, 15, 15, 18, 20, 85. அந்த 85 தாம்பரத்திலிருந்து வரும் டீச்சர். சராசரி 25 என்று வந்தது.

"ஆறு பேர் இதுக்குக் கீழ இருக்கோம். அப்போ இது யாரோட சராசரி சார்?" என்றார் ஒருவர்.

இடைநிலை அளவு, அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண், 15. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்து 20 நிமிடக்காரருக்கு 40 ஆனால் சராசரி கிட்டத்தட்ட 28க்கு ஏறும். இடைநிலை அளவு அசையாது. எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள்.

சிக்கல், எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் திட்டவிலக்கத்தில்தான் வந்தது. 1 முதல் 5 வரையிலான எண்களுக்குப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தின்படி விடை √2, அதாவது 1.41. ஷீட்ஸில் அதற்கான எஸ்டிடெவ் (STDEV) சூத்திரத்தைப் போட்டால் 1.58. "கம்ப்யூட்டர் தப்பா?" என்று ஒரே சலசலப்பு. இரண்டும் சரிதான். விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி, புத்தகம் 5ஆல் வகுக்கிறது, எஸ்டிடெவ் 4ஆல் வகுக்கிறது; பிறகு இரண்டும் வர்க்கமூலம் எடுக்கின்றன. எஸ்டிடெவ்.பி (STDEV.P) என்று போட்டால் புத்தக விடை வந்துவிடும்.

ஏன் ஒன்று குறைகிறது என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். செய்துதான் பார்க்க வேண்டும். ஒரு வகுப்பின் மதிப்பெண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கினோம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுப் போட்டு, ஐந்தைந்தாக எழுதிக்கொண்டோம். ஒவ்வொரு ஐந்துக்கும் விலக்க வர்க்கச் சராசரி (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) கண்டு, அவை எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்துப் பார்த்தால், 5ஆல் வகுத்தது முழு வகுப்பின் அளவைவிடக் குறைவாகவே நின்றது. காரணம், அந்த ஐந்தின் சராசரி அந்த ஐந்துக்கு மட்டும் செல்லப்பிள்ளை. அதிலிருந்து அளந்தால் விலகல் சிறுத்துத்தான் தெரியும். 4ஆல் வகுத்தால் அந்தக் குறை ஈடாகிறது. முழு வகுப்பின் மதிப்பெண்ணும் கையில் இருந்தால் புத்தகம் செய்வதுதான் சரி.

நிகழ்தகவுக்கு பிரவுன் பல்கலைக்கழகத்தில் உருவான 'சீயிங் தியரி' தளம் போதுமானதாக இருந்தது. ஆங்கிலம்தான், ஆனால் நாணயத்தைச் சுண்டிப் பார்க்க ஆங்கிலம் எதற்கு? பத்து முறை சுண்டினால் தாறுமாறாக வரும் தலைகள், நூற்றுக்கணக்கில் சுண்டும்போது பாதியை ஒட்டி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பொதுத்தேர்வில் மதிப்பெண் படிப்படியாகச் சூத்திரம் போட்டால்தான் கிடைக்கும். அதனால் இப்போது அவர்கள் முதல் பாடவேளையில் பிள்ளைகளிடமே தரவு வாங்கி ஷீட்ஸில் போட்டுக் காட்டுகிறார்கள், அப்புறம்தான் கரும்பலகைக்குப் போகிறார்கள். தாம்பரம் டீச்சர் மட்டும் இன்னும் எஸ்டிடெவ்வா எஸ்டிடெவ்.பியா என்று போன் போட்டுக் கேட்பார்.